சம்பந்தி மரங்கள்

என் மனைவி மரம் ஏறிச் சம்பளம் வாங்குகிறவள். நான் முடி வெட்டுகிறவன். யார் தொழில் உயர்ந்தது என்று எங்கள் வீட்டில் சண்டை வந்ததில்லை. அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

அவளை முதன்முதலில் பார்த்தபோது நான் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்து மல்லாந்து கிடந்தேன். ஐந்தாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் ஒரு பெண் இறங்கி வந்தாள். கண்ணாடியில் சோப்புத் தண்ணீரைப் பூசி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பில் வழித்தாள். கண்ணாடி தெளிந்ததும் என் வாய்க்குள் ஒரு பார்வை பார்த்து, ஐயோ பாவம் என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள். அந்தக் கோலத்தில் பார்த்த பிறகும் என்னைக் கட்டிக்கொண்டவள். அவள் துணிச்சலுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

எனக்கு ஸ்டூல்மேல் ஏறி பல்பு மாற்றவே கால் உதறும். எங்கள் வீட்டில் பல்பு அவள் பொறுப்பு, கீழே நின்று "பார்த்து, பார்த்து" என்று கத்துவது என் பொறுப்பு. ஊருக்கு வெளியே இருக்கும் காட்டுமர ஆராய்ச்சி நிலையத்தில், கயிற்றில் ஏறி இறங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது அவள் கண்ணாடியை விட்டுவிட்டு மரத்துக்குப் போனாள். "கண்ணாடியில நம்ம மூஞ்சியையே பார்த்துட்டு இருக்கணும்ங்க. மரத்துல அந்தத் தொல்லை இல்ல" என்றாள். போன முதல் மாதமே அங்கே அவளுக்குக் கயிறக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் இப்போது நிலையத்து வாசலில் யாருக்கும் தெரியாது.

அவள் வேலை ஓக் மரங்களோடு. இலை உதிரும் பருவத்தில் ஓக் கொட்டை பழுக்கும். தானாக விழட்டும் என்று காத்திருந்தால் எலியும் காட்டுப்பன்றியும் முந்திக்கொள்ளும். அதனால் மேலே ஏறிக் கிளையை உலுக்கி, கீழே விரித்த வலையில் கொட்டையை விழவைக்க வேண்டும். இதில் ஒரு சட்டம் உண்டு. ஒரே மரம் கொட்டிக் கொடுக்கிறதே என்று அதிலேயே சாக்கை நிரப்பக்கூடாது. தள்ளித் தள்ளி நிற்கும் பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்றங்கால் முழுக்க ஒரே தாயின் பிள்ளைகளாகப் போய்விடும். எடுத்த மரம் ஒவ்வொன்றிலும் அவள் ஒரு தகர வில்லையைத் தொங்கவிட்டு வருவாள்.

சாக்கு நிலையத்துக்கு வந்ததும் கொட்டைகளைச் சிமெண்டுத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விடுவார்கள். சொத்தை மிதக்கும், நல்லது அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, தங்கியதை ஈர மணலில் வைத்து, பிறகு விதைப்பார்கள். ஒரு காட்டுக் கொட்டையை எடுத்த பிறகு தொட்டியை அடிவரை கழுவிவிட்டுத்தான் அடுத்த காட்டுக் கொட்டையைக் கொட்ட வேண்டும். இந்தத் தொட்டிதான் இந்தக் கதையில் எங்கள் வீட்டு நிம்மதியைக் குடித்தது.

என் மனைவிக்கு உயரத்தில் பயம் இல்லை. ஆனால் தரையில் இருக்கும் எல்லாவற்றின் மீதும் சந்தேகம். அடுப்பை அணைத்தேனா, குழாயை மூடினேனா, இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினேனா என்று பாதித் தெருவில் நின்று திரும்பிப் போவாள். போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஒருநாள்கூட அடுப்பு எரிந்து கிடந்ததில்லை. ஆனாலும் மறுநாள் அதே இடத்தில் நிற்பாள்.

அவளிடம் வேலை வாங்கும் ஆராய்ச்சியம்மா அவளைவிட வயதில் சிறியவர். படிப்பு நிறைய, சீப்பு கிடையாது. நெற்றி முடியைத் தானே கத்தரித்துக்கொண்டு, கோணலாகிப் போய், ஒருநாள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். நான் சரிசெய்துகொண்டிருந்தபோது பேச்சுக் கொடுத்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பேசாமல் எழுந்ததில்லை.

"அப்படி என்னம்மா இருக்கு அந்த ஓக்குல? எங்க வீட்டம்மா தூக்கத்துலகூட அதைத்தான் எண்றா."

"அது ஒவ்வொண்ணும் நடந்து வந்த கதைங்க" என்றார்.

"மரத்துக்கு ஏதும்மா கால்?"

"கால் இல்ல. காக்காவுக்குச் சொந்தக்காரப் பறவை ஒண்ணு உண்டு. கொட்டையைத் தூக்கிட்டுப் போய், அப்புறம் திங்கலாம்னு மண்ணுல புதைச்சு வைக்கும். பாதி எடத்தை மறந்துடும். மறந்ததெல்லாம் முளைச்சிடும்."

பிறகு அவர் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். ஒரு காலத்தில் வடக்குப் பக்கம் முழுக்க மலை உயரத்துக்குப் பனிக்கட்டி மூடிக் கிடந்ததாம். அதை ஒட்டிய நிலமும் மரம் முளைக்க லாயக்கில்லாத குளிர். ஓக் மரங்கள் தெற்கே, மலை மறைவில், கொஞ்சம் வெயிலும் ஈரமும் மிச்சமிருந்த சில மூலைகளில் ஒண்டிக்கொண்டு பிழைத்தன. மேற்கு மூலையில் ஒரு கூட்டம், கிழக்கு மூலையில் ஒரு கூட்டம். ஆயிரக்கணக்கான வருஷம் முகம் பார்க்காமலே இருந்ததில் இரண்டும் தனித்தனி வம்சமாகிவிட்டன. பனி உருகியதும், மறதிக்காரப் பறவைகளின் புண்ணியத்தில், தலைமுறைக்குக் கொஞ்சமாக வடக்கே கிளம்பின. முதலில் வந்து சேர்ந்த நாலைந்து கொட்டைகள்தான் ஒரு பிரதேசத்துக்கே தாய். அதனால் ஒளிந்திருந்த மூலையில் விதவிதமான மரம் இருக்கும். தூரம் வரவர ரகம் குறைந்து, ஒரே தாய்வழியாகப் போய்விடும்.

"அதாவது தலை ஆயிரம், சுழி ஒண்ணு" என்றேன். எனக்கு எல்லாம் தலைதான். மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் சுழி விழும் குடும்பங்கள் எனக்கு வாடிக்கை.

அவர் குலுங்கிச் சிரித்ததில் நெற்றி முடி இன்னும் கொஞ்சம் கோணலாகிவிட்டது. நான் கத்தரியை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஆனா உங்க சுழி அப்பா வழியிலயும் வரும்ல. மரத்துல பூந்தாது காத்தோட எங்கிருந்து வேணா வரும், அப்பன் எந்த ஊருன்னே சொல்ல முடியாது. இலைப் பச்சையத்துக்குள்ள மட்டும் ஒரு அடையாளம் இருக்கு, அது ஓக்குல அம்மாகிட்டேருந்துதான் வரும். அதை லேப்ல பார்த்தா இந்த மரத்தோட ஆதித் தாய் எந்த மூலையில ஒளிஞ்சிருந்தான்னு சொல்லிடலாம்."

எங்கள் ஊர்ப் பள்ளத்தாக்கில் இருப்பது மேற்கு வம்சம் என்றும், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது கிழக்கு வம்சம் என்றும் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு, அன்று மாலையே அதை மறந்துவிட்டேன். பறவைக்கே மறதி இருக்கும்போது எனக்கு என்ன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புயல், ஊருக்கு மேலே இருந்த மலைச்சரிவின் மரங்களை மொத்தமாகச் சாய்த்துவிட்டது. அன்று முதல் மழை பெய்தால் மண் சரிந்து சாலைக்கு வந்துவிடும். அந்தச் சரிவை மறுபடி காடாக்கத்தான் என் மனைவி அந்தப் பருவத்தில் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க ஏறி இறங்கிக் கொட்டை சேர்த்தாள். வேறொரு ஆராய்ச்சிக்காக மலைக்கு அந்தப் பக்கத்துக் கொட்டையும் கொண்டுவந்திருந்தாள். இரண்டு தொட்டியில் ஒன்று ஒழுகியதால் இரண்டு காட்டுக் கொட்டையும் ஒரே தொட்டியில், ஒன்றன்பின் ஒன்றாக ஊறின. முதலில் அந்தப் பக்கத்துக் கொட்டை, அதன் பிறகு நம்முடையது. பிறகு தனித்தனிப் பாத்தியில் விதைத்தார்கள்.

மூன்று வருஷம் அவள் அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்ட அழகை நான் சொல்லக்கூடாது, பொறாமை என்பார்கள். கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து நின்றன. எந்தக் காட்டு விதை என்று உறுதியாகத் தெரிந்த கன்றைத்தான் மலையில் நடலாம் என்பது நிலையத்தின் விதி. அதனால் நடுவதற்கு முன் ஆராய்ச்சியம்மா சில இலைகளைக் கிள்ளி லேபுக்கு அனுப்பினார்.

முடிவு வந்தது. அந்தப் பக்கத்துப் பாத்தி சுத்தமான கிழக்கு வம்சம். நம் பள்ளத்தாக்குப் பாத்தியில் ஆறில் ஒன்று கிழக்கு வம்சம்.

ஆராய்ச்சியம்மா தாளைப் பார்த்து "இது எப்படி வந்தது?" என்று முனகினாராம். அவர் கேட்டது தன்னைத்தான். என் மனைவி பக்கத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மேடம். தொட்டியை நான் கழுவல போலிருக்கு" என்றாள்.

யாரும் கூப்பிடாமல் தானாகப் போய்க் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுகொண்டவளை என்ன செய்வது. அந்தப் பக்கத்துக் கொட்டை தொட்டியின் அடியில் மிச்சம் கிடந்திருக்கும், அதன்மேல் நம்முடையதைக் கொட்டியிருப்பாள் என்று எல்லோருக்கும் கணக்கு நேராகிவிட்டது. அவள் பொய் சொல்லாதவள் என்று பெயர் எடுத்ததுதான் வினை. நிலைய அதிகாரியும் அப்படியே நம்பினார். முடியே இல்லாத தலை அவருக்கு. என் தொழிலுக்கு எந்த விதத்திலும் உதவாத மனிதர். ஆனால் கெட்டவர் இல்லை.

"கலப்பு விதைன்னு ஆயிடுச்சு. கண்ணால பார்த்துப் பிரிக்கவும் முடியாது, ஒவ்வொண்ணையும் சோதிக்கவும் முடியாது. மண் உறையறதுக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கி அரைச்சுடுங்கம்மா. பாத்தி அடுத்த விதைக்கு வேணும்" என்று வருத்தத்தோடுதான் சொன்னாராம்.

அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்ட தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டை மறுபடி கழுவினாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கழுவின தட்டையே மூணு தடவை கழுவறவ, தொட்டியை மட்டும் கழுவாம விட்டியா? யாராவது நம்புவாங்களா?"

"எனக்கு ஞாபகம் இல்லைங்க."

"ஞாபகம் இல்லைன்னா கழுவலைன்னு அர்த்தமா? போன செவ்வாக்கெழம பல் தேய்ச்சது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நீங்க கத்தினா எனக்கு ஞாபகம் வந்துடுமா?"

வராதுதான். இரண்டு நாள் நான் கடையில் எல்லோர் தலையையும் கொஞ்சம் அதிகமாகவே ஒட்ட வெட்டி அனுப்பினேன். ஒருவர் கண்ணாடியைப் பார்த்து, "உங்க வீட்டுச் சண்டைக்கு என் தலைதான் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் ஆராய்ச்சியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். தேநீர் கொடுத்ததைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அக்கா, நீங்க டக்குனு ஒத்துக்கிட்டதால நான் யோசிக்கறதையே விட்டுட்டேன். நம்ம பள்ளத்தாக்கு மேற்கு வம்சம்னு நாங்க சொன்னது எதை வச்சு தெரியுமா? எனக்கு முன்னாடி இருந்தவங்க, பள்ளத்தாக்கோட வாசல்ல ரோட்டை ஒட்டி நிக்கிற மரங்களைத்தான் சோதிச்சாங்க. உள்ள யாரும் போகல. நீங்க எவ்வளவு தூரம் போய்க் கொட்டை எடுத்தீங்க?"

"கணவாய் வரைக்கும் மேடம்."

"அப்ப அந்த மரங்களையே கேட்டுடலாம். அம்மாகிட்ட இருக்கிற அடையாளம்தான பிள்ளைக்கு. அங்க கிழக்கு வம்சத்து அம்மா நின்னா, உங்க தொட்டி மேல தப்பில்ல."

எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேணாம் மேடம். விட்டுடுங்க."

ஆராய்ச்சியம்மா போன பிறகு நான் சண்டைக்குத் தயாராக வந்து எதிரே உட்கார்ந்தேன். அவள் சொன்னதைக் கேட்டு என் கோபம் இறங்கிவிட்டது.

"தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டாச்சு. அழுது முடிச்சாச்சு. இப்ப இல்லையோன்னு நெனச்சுட்டு, அப்புறம் ஆமான்னு ஆயிடுச்சுன்னா, அதை ரெண்டாவது தடவை என்னால தாங்க முடியாதுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தாங்க முடியலைன்னா நான் எதுக்கு இருக்கேன், சும்மா கத்தறதுக்கா?" என்றேன். "அதுக்கும்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். மறுநாள் போகிறேன் என்று ஆராய்ச்சியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

நிலையத்து வேனை ஓட்டுகிறவன் என் மச்சான், அவள் தம்பி. வழக்கமாகக் கயிறு பிடிக்கிற ஆளுக்குக் காய்ச்சல். மச்சான் என் கடை வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடித்தான்.

"மாமா, கடையை மூடுங்க. அக்காவுக்கு உங்களைத்தான் நம்பிக்கையாம்."

"எனக்கே என் மேல நம்பிக்கை இல்லடா."

"நீங்க ஏற வேணாம் மாமா. கீழ நின்னு பிடிச்சா போதும்."

கீழே நின்று பிடிப்பது எவ்வளவு கொடுமை என்று அவனுக்குத் தெரியாது. மேலே போகிறவளுக்குப் பயமே இல்லை. அவள் பங்குப் பயத்தையும் சேர்த்து நான்தான் பட்டேன். இலையெல்லாம் உதிர்ந்த காலம். அதனால் மொட்டு இருக்கும் சிறு கிளைகளை ஒடித்து வரச் சொன்னார் ஆராய்ச்சியம்மா. மொட்டுக்குள்ளும் அதே அடையாளம் இருக்குமாம். தகர வில்லை தொங்கிய ஒவ்வொரு மரமாக ஏறினாள். ரோட்டோரத்தில் தொடங்கி, ஓடையைத் தாண்டி, பாறைச் சரிவு வழியாகக் கணவாயை நோக்கி மேலே போனோம். ஒடித்த கிளையைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். ஆராய்ச்சியம்மா வாங்கி உறையில் போட்டு மர எண்ணை எழுதுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருப்பேன்.

"என்னங்க, கண்ணைத் திறந்துட்டுப் பிடிங்க" என்று மேலேயிருந்து குரல் வரும். இத்தனை உயரத்திலிருந்து என் கண் மூடியிருப்பது எப்படித்தான் தெரிந்ததோ.

கணவாய் என்றால் நான் பெரிய வாசலாக நினைத்திருந்தேன். இரண்டு மலைக்கு நடுவில் சேணம் போலத் தாழ்ந்த ஓர் இடம், அவ்வளவுதான். அந்தப் பக்கமும் ஓக், இந்தப் பக்கமும் ஓக். எந்த மரமும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. என் மனைவி கடைசி மரத்திலிருந்து இறங்கி, அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கயிற்றைச் சுருட்டினேன். வாயைத் திறந்தால் ஆசை காட்டியது போலாகிவிடும்.

லேப் வேறு ஊரில். அங்கே நீண்ட வரிசையாம். முடிவு வருவதற்குள் குளிர் இறுகத் தொடங்கிவிட்டது. அதிகாரி இரண்டு முறை தள்ளிப் போட்டார், மூன்றாவது முறை முடியாது என்றார். மண் உறைந்துவிட்டால் பாத்தி அடுத்த பருவத்துக்குத் தயாராகாது.

பிடுங்க வேண்டிய நாள் என் கடைக்கு விடுமுறை. துணைக்குப் போனேன். பாத்திக்கு ஓரத்தில் அரைக்கும் இயந்திரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவள் ஒரு கன்றின் அருகே குந்தி, பல் வைத்த மண்வெட்டியைத் தள்ளி வைத்துக் குத்தி, சுற்றிலும் மண்ணை நெம்பித் தளர்த்தி, கையை உள்ளே விட்டு வேரோடு தூக்கினாள். மண்ணை மெதுவாக உதறினாள். பக்கத்தில் நனைத்து விரித்திருந்த ஈரச் சாக்கில் கிடத்தி, வேரை மூடினாள். அடுத்ததற்குப் போனாள். நட எடுப்பவர்கள்தான் அப்படி எடுப்பார்கள். நான் ஒரு கன்றின் தலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தபோது என் கையில் அடித்தாள்.

"அரைக்கப் போறதை ஏம்மா இப்படிப் பார்த்துப் பார்த்து எடுக்கற?" என்று கேட்டேன்.

"தப்பு என்னுது. அதுங்களுக்கு ஏன் வலிக்கணும்?"

அவள் காட்டிய மாதிரியே நானும் எடுத்தேன். நடுவில் அதிகாரி வந்து நின்றார். ஈரச் சாக்கில் வரிசையாகப் படுத்திருந்த கன்றுகளையும், ஓடாமல் நின்ற இயந்திரத்தையும் பார்த்தார். ஏன் இன்னும் அரைக்கவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அன்றுதான் எனக்கு அந்த மொட்டைத் தலையின் மேல் மரியாதை வந்தது.

பாத்தியில் கால்வாசி காலியானபோது ஆராய்ச்சியம்மா ஓடி வந்தார். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வீட்டுச் செருப்பு. கையில் போன்.

"அக்கா, நிறுத்துங்க. இருக்கு. கணவாய்ப் பக்கம் ரெண்டும் இருக்கு."

மூச்சு வாங்கி முடித்து அவர் சொன்னது இது. ரோட்டோரம் எல்லாம் மேற்கு வம்சம். ஓடை தாண்டியும் மேற்குதான். கணவாயை நெருங்க நெருங்கக் கிழக்கு வம்சத் தாய்மரங்கள் வருகின்றன. ஒரு இடத்தில் கிளையோடு கிளை உரசும் இரண்டு மரங்களில் ஒன்று மேற்கு, இன்னொன்று கிழக்கு. பனி உருகிய பிறகு ஒரு வம்சம் பள்ளத்தாக்கின் வாய் வழியாக மேலே ஏறியிருக்கிறது, இன்னொன்று கணவாய் தாண்டி இறங்கியிருக்கிறது. எங்கோ இரண்டு மூலைகளில் ஆயிரக்கணக்கான வருஷம் ஒளிந்திருந்தவை எங்கள் ஊர்ப் பள்ளத்தாக்கில் வந்து சந்தித்திருக்கின்றன. பாத்தியில் இருந்த கிழக்குக் கன்றுகளும் நம் காட்டுப் பிள்ளைகளேதான்.

"அப்ப ரெண்டு பக்கமும் சம்பந்தி ஆயிட்டாங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

"அதேதாங்க. பூந்தாது இத்தனை காலமா ரெண்டு பக்கமும் பறந்திருக்கும். இந்த மாதிரி சந்திக்கிற இடத்துல இருக்கிற விதவிதமான குணம், அதுங்க ஒளிஞ்சிருந்த மூலையிலகூட இருக்காது. ஒண்ணு வெயிலைத் தாங்கலைன்னா இன்னொண்ணு தாங்கும். அந்த மொட்டைச் சரிவுக்கு இதைவிட நல்ல கன்று நான் தேடினாலும் கிடைக்காது."

எனக்கு அது உடனே விளங்கியது. என் மனைவி குடும்பம் மலைக்கு அந்தப் பக்கம், என் குடும்பம் இந்தப் பக்கம். என் அப்பாவும் மாமனாரும் சம்பந்திகளான பிறகு பேசிக்கொண்டதைவிட உறுமிக்கொண்டதுதான் அதிகம். ஆனால் எங்கள் மகளுக்கு என் அப்பாவின் நாக்கும் என் மாமனாரின் நெஞ்சழுத்தமும் சேர்ந்து வாய்த்திருக்கிறது; அவளை எந்தப் புயலும் சாய்க்காது.

என் மனைவி இதையெல்லாம் கேட்டாளா என்றே தெரியவில்லை. கையில் ஒரு கன்றைப் பிடித்தபடி, "நான் கழுவியிருக்கேனா மேடம்?" என்றாள்.

"கழுவியிருக்கீங்க அக்கா. நீங்க ஏறின மரங்கள்லயும் ஆறுல ஒண்ணு கிழக்கு, பாத்தியில இருக்கிற அதே கணக்கு. அந்தப் பாத்தியில நம்ம காட்டுல இல்லாதது ஒண்ணுகூட இல்ல."

அவள் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஆராய்ச்சியம்மாவும் கூட உட்கார்ந்து அழுதார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இயந்திரத்தின் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அதன் சக்கரத்தைப் பரிசோதித்தேன்.

அதிகாரி வந்தார். விஷயத்தைக் கேட்டார். பிடுங்கிய கன்றுகளைப் பார்த்து முகம் வாடி, "இதெல்லாம் வீணாப் போச்சே" என்றார்.

"எதுவும் வீணாகல சார். ஒரு வேர்கூட அறுபடல. நடற பருவமும் இதுதான். வேர் காயறதுக்குள்ள இன்னிக்கே சரிவுக்குக் கொண்டு போயிடலாம்" என்றாள் என் மனைவி, முகத்தைக் கையால் துடைத்து மண்ணை அப்பிக்கொண்டு.

மச்சான் வேனைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து பாத்தியோரம் நிறுத்தினான். சாக்கோடு சாக்காக ஏற்றினோம். அதிகாரி கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். சரிவில் அவள் குழி தோண்ட, நான் கன்றை நேராகப் பிடிக்க, ஆராய்ச்சியம்மா மண்ணைத் தள்ள, அதிகாரி காலால் மிதித்து இறுக்கினார். எது கிழக்கு எது மேற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மச்சான் மட்டும் ஒவ்வொரு கன்றுக்கும் "வாங்க, வாங்க" என்று கல்யாண வீட்டு வாசலில் நிற்பவன்போல உபசாரம் செய்துகொண்டிருந்தான்.

வெளிச்சம் மங்குவதற்குள் கொண்டுவந்தது அத்தனையும் நட்டாகிவிட்டது. மற்றவர்கள் வேனுக்கு இறங்கிப் போனார்கள். என் மனைவி கடைசிக் கன்றின் அடியில் கையை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"தொட்டியை நான் கழுவித்தாங்க இருக்கேன்" என்றாள்.

நான்தான் அப்போதே சொன்னேனே என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதை அவள் வாயால் கேட்பதற்கே இவ்வளவு பாடு பட்டாயிற்று. என் வாயைத் திறந்து கெடுப்பானேன்.